சுத்திலும் தண்ணி இருக்கே, படகுக்கு எதுக்கு தீயணைப்பான்?



சாரல் சீசனில் ஐந்தருவிப் பக்கம் வெண்ணமடைக்குளம் படகுக் குழாமுக்கு நம்மில் பலபேர் போயிருப்போம். மிதி படகில் கால் வலிக்க வலிக்க மிதித்திருப்போம். அந்தப் படகில் எஞ்சின் இல்லை, பெட்ரோல் இல்லை, அடுப்பும் இல்லை. அதனால் அங்கே தீயைப் பற்றிக் கவலை இல்லை. லைஃப் ஜாக்கெட்டை ஒழுங்காகக் கட்டினால் போதும்.

ஆனால் சுற்றுலா என்று கன்னியாகுமரிக்குப் போனால் விவேகானந்தர் பாறைக்கு எஞ்சின் படகு. ஆலப்புழைக்குப் போனால் சமையலறையோடு கூடிய ஹவுஸ்போட். இவற்றில் எண்ணெய் இருக்கிறது, மின்சாரம் இருக்கிறது, கேஸ் அடுப்பும் இருக்கிறது. "தீப்பிடிச்சா என்ன, சுத்திலும் தண்ணிதானே?" என்று கேட்பவர்களுக்காகத்தான் இந்தக் கட்டுரை.

★ தண்ணீரின் நடுவே நடந்த தீ விபத்துகள்

ஏப்ரல் 14 நமக்குச் சித்திரை முதல் நாள். தீயணைப்புத் துறைக்கு அது தீத்தொண்டு நாள். ஏன் தெரியுமா? 1944-இல் அதே நாளில் பம்பாய் துறைமுகத்தில் நின்ற 'போர்ட் ஸ்டிகைன்' என்ற கப்பலில் தீப்பிடித்தது. பஞ்சுப் பொதிகளையும் வெடிபொருட்களையும் ஒரே கப்பலில் ஏற்றியிருந்தார்கள். வீரர்கள் குழாய் குழாயாகத் தண்ணீர் அடித்தும் தீ அடங்கவில்லை. மாலை 4 மணி வாக்கில் கப்பல் வெடித்தது. நூற்றுக்கணக்கான மக்களோடு 66 தீயணைப்பு வீரர்களும் உயிர்விட்டார்கள். அவர்கள் நினைவாகத்தான் அந்த நாள்.

1942-இல் நியூயார்க் துறைமுகத்தில் 'நார்மண்டி' என்ற மிகப்பெரிய கப்பலில் வேறு மாதிரி நடந்தது. வெல்டிங் பொறி லைஃப் ஜாக்கெட் குவியலில் பட்டுத் தீப்பிடித்தது. ஊற்று ஊற்று என்று தண்ணீரை ஊற்றித் தீயை அடக்கினார்கள். ஆனால் ஊற்றிய தண்ணீரின் பாரம் தாங்காமல் கப்பலே ஒருபக்கமாகக் கவிழ்ந்துவிட்டது!

நம் நாட்டில் 2023 நவம்பர் 19 இரவு விசாகப்பட்டினம் மீன்பிடித் துறைமுகத்தில் சுமார் 40 விசைப்படகுகள் எரிந்து போயின. டீசலும் கேஸ் சிலிண்டரும் இருந்ததால் தீ படகுக்குப் படகு தாவியது. கடல் பக்கத்திலேயேதான் இருந்தது.

★ படகு ஒரு கிண்ணம்

வீட்டில் கேஸ் கசிந்தால் கதவைத் திறக்கிறோம், வெளியே போய்விடுகிறது. படகில் அப்படி இல்லை. சமையல் கேஸும் பெட்ரோல் ஆவியும் காற்றைவிடக் கனமானவை. அவை கீழே இறங்கிப் படகின் அடித்தட்டில் தேங்கி நிற்கும். வெளித் தண்ணீரை உள்ளே விடாத அதே ஓட்டை இல்லாத அடிப்பகுதி, உள்ளே இருக்கும் கேஸையும் வெளியே விடாது. சுவிட்ச் போடும்போது வரும் ஒரு பொறி போதும். அதனால்தான் மூடிய அறைக்குள் பெட்ரோல் எஞ்சின் உள்ள படகுகளில், முதலில் காற்றாடியைச் சில நிமிடம் ஓடவிட்டு, ஆவியை வெளியேற்றிய பிறகே எஞ்சினைக் கிளப்ப வேண்டும்.

சரி, எண்ணெய் எரியும்போது ஏன் தண்ணீர் ஊற்றக்கூடாது? எண்ணெய் தண்ணீரைவிட லேசானது. தண்ணீர் அடியில் போய்விடும், எரிகிற எண்ணெய் மேலே மிதந்து பரவும். எரிகிற சட்டியில் ஊற்றினாலோ தண்ணீர் நொடியில் நீராவியாகி எண்ணெயைத் தூக்கி வீசும்.

★ எது எரிகிறது?

தீயணைப்பான் வாங்கும்போது விலைக்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். தீயை இப்படிப் பிரிக்கிறார்கள்:

'ஏ' – மரம், துணி, கயிறு, காகிதம்
'பி' – பெட்ரோல், டீசல், பெயிண்ட்
'சி' – சமையல் கேஸ் போன்ற வாயுக்கள்
'டி' – மெக்னீசியம் போன்ற உலோகங்கள்
'எஃப்' – சமையல் எண்ணெய்

★ சிவப்பு சிலிண்டர் எல்லாம் ஒன்றல்ல

தண்ணீர் வகை: 'ஏ'க்கு மட்டும். எண்ணெய்க்கும் மின்சாரத்துக்கும் ஆகவே ஆகாது.

நுரை வகை: எரியும் எண்ணெய்மேல் போர்வை மாதிரி மூடிக் காற்றைத் தடுக்கும். 'ஏ', 'பி' இரண்டுக்கும் சரி. நுரையிலும் தண்ணீர் இருப்பதால் மின்சாரத் தீயில் வேண்டாம்.

ஏபிசி பவுடர்: மூன்று வகைக்கும் ஒரே சிலிண்டர். ஆனால் சூட்டைத் தணிக்காது, அணைந்த தீ மறுபடி பற்றலாம். மூடிய அறையில் அடித்தால் கண் தெரியாது, மூச்சு முட்டும்.

கார்பன் டை ஆக்சைடு: மின் பலகைக்கு நல்லது, கறை விடாது. திறந்த படகில் காற்று அடித்துக்கொண்டு போய்விடும். மூடிய அறைக்குள் ஆள் இருந்தால் அவருக்கே ஆபத்து.

★ எந்தப் படகுக்கு எது?

1. துடுப்புப் படகு, மிதி படகு – தேவையில்லை.

2. பின்னால் மோட்டார் மாட்டிய திறந்த படகு – ஏபிசி பவுடர். எஞ்சின் பக்கத்தில் மாட்டக்கூடாது, ஓட்டுநர் கைக்கு எட்டும் இடத்தில் மாட்ட வேண்டும். தீக்குள்ளே கையை விட்டா தீயணைப்பானை எடுக்க முடியும்?

3. எஞ்சின் அறை உள்ள டீசல் படகு – அறைக்குள் தானாக இயங்கும் அணைப்பான், ஓட்டுநர் அருகில் ஏபிசி ஒன்று. தீப்பிடித்தால் எஞ்சினையும் டீசல் குழாயையும் நிறுத்த வேண்டும். அறை மூடியை முழுசாகத் திறந்தால் காற்று புகுந்து தீ சீறும். மூடியில் ஒரு சின்னத் துவாரம் வைத்து, அதன் வழியாகவே அணைப்பானை அடிப்பது நல்ல முறை.

4. ஹவுஸ்போட் – மேலே சொன்னதோடு, சமையலறை வாசலில் ஒரு தீப்போர்வையும் எண்ணெய்த் தீக்கான 'எஃப்' வகை அணைப்பானும். கேஸ் சிலிண்டர் உள்ளே அல்ல, காற்றோட்டமான வெளிப்பக்கத்தில் இருக்க வேண்டும்.

2020 ஜனவரியில் வேம்பநாட்டு ஏரியில் பாதிராமணல் தீவு அருகே ஒரு ஹவுஸ்போட் தீப்பிடித்தது. பயணிகள் தண்ணீரில் இறங்கித்தான் உயிர் தப்பினார்கள். ஆழமான இடமாக இருந்து, நீச்சல் தெரியாத ஒரு வகுப்பே அதில் இருந்தால்? யோசிச்சுப் பாருங்க. தரையில் தீ என்றால் தெருவுக்கு ஓடலாம். படகில் ஓட இடமில்லை. அதனால் முதல் நிமிடத்திலேயே சரியான சிலிண்டர் கையில் இருக்க வேண்டும்.

★ ஏறும் முன் பாருங்கள்

• ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா? எந்த எழுத்துகள் போட்டிருக்கிறது?
• பவுடர் சிலிண்டரில் முள் பச்சைப் பகுதியில் நிற்கிறதா? (கார்பன் டை ஆக்சைடு சிலிண்டரில் பொதுவாக முள் இருக்காது. எடை போட்டுத்தான் பார்க்க வேண்டும்.)
• பின்னும் முத்திரையும் அப்படியே உள்ளனவா?
• சோதித்த தேதி, அடுத்த தேதி எழுதியிருக்கிறதா?
• உப்புக் காற்றில் துருப் பிடித்திருக்கிறதா? குழாய் வெடித்திருக்கிறதா?

★ பயன்படுத்தும் முறை: நான்கே சொல்

இழு – பின்னை இழு.
குறிவை – சுவாலைக்கு அல்ல, தீயின் அடிப்பாகத்துக்கு.
அழுத்து – கைப்பிடியை அழுத்து.
வீசு – இடமும் வலமுமாக வீசு.

சின்னச் சிலிண்டர் பத்து வினாடிகூடத் தாங்காமல் போகலாம். எனவே காற்று நம் முதுகுப் பக்கம் இருக்க நின்று, பதறாமல் அடிக்க வேண்டும். இது பெரியவர்கள் செய்ய வேண்டிய வேலை. நம் வேலை சத்தம் போட்டுச் சொல்வது, லைஃப் ஜாக்கெட் போட்டுக்கொண்டு தீக்கு எதிர்ப்பக்கம் போவது. கரையில் இருந்தால் உடனே 101 அல்லது 112-க்கு போன் செய்வது.

அடுத்த சுற்றுலாவில் படகில் ஏறும் முன் சாரிடம், "சார், தீயணைப்பான் எங்க இருக்கு?" என்று ஒரு கேள்வி கேளுங்க. சன்னல் ஓர சீட்டுக்குச் சண்டை போடுவதை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.

தீயையும் வைக்கோல் போரையும் வைத்து வள்ளுவர் இதையே சொல்லிவிட்டார். 435-ஆம் குறள். தெரியாதவர்கள் தமிழ் ஐயாவிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளவும்!

உங்களுக்கு ஒரு கேள்வி: நம் ஆய்வகத்தில் ஸ்பிரிட் கொட்டித் தீப்பிடித்தால் எந்த வகை அணைப்பான்? சத்துணவுக் கூடத்தில் எண்ணெய்ச் சட்டி பற்றினால் எது? விடையைத் துண்டுச் சீட்டில் எழுதி, பெயர், வகுப்போடு அறிவியல் மன்றப் பெட்டியில் போடுங்கள்.