ஒரு சுவர், இரு வீடுகள்: சத்தமும் அயலவர் உரிமையும்





எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே உரியன. ஸலவாத்தும் ஸலாமும் நபி முஹம்மத் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களது குடும்பத்தினர், தோழர்கள் மீதும் உண்டாவதாக!

அயலவர் உரிமை பற்றி நாம் குத்பாக்களில் பலமுறை செவிமடுத்திருக்கிறோம். கறி சமைத்தால் ஒரு கோப்பை கொடுத்தனுப்ப வேண்டும், நோயுற்றால் விசாரிக்க வேண்டும், மரணித்தால் ஜனாஸாவில் கலந்துகொள்ள வேண்டும் என்பவற்றை நாம் அறிவோம். ஆனால் இரவு பதினொரு மணிக்கு அடுத்த வீட்டு ஒலிபெருக்கி நமது கட்டிலை அதிரச் செய்யும்போது என்ன செய்வது? நமது பிள்ளைகள் ஓடி விளையாடும் சத்தம் கீழ்மாடியில் இருக்கும் நோயாளியின் நித்திரையைக் கெடுக்கும்போது என்ன செய்வது? இதைப் பற்றி நாம் பேசுவது குறைவு.

கொழும்பு மாளிகாவத்தையின் தொடர்மாடிகளிலும், கொம்பனித்தெருவின் நெருக்கமான ஒழுங்கைகளிலும், காலிக் கோட்டையின் பழைய வரிசை வீடுகளிலும் வாழும் சகோதரர்களுக்கு இது அன்றாடப் பிரச்சினையாகும். ஒரே சுவர் இரண்டு குடும்பங்களுக்குச் சொந்தமாக இருக்கிறது. இருமல் கூட மறுபக்கம் கேட்கிறது. சத்தத்தின் காரணமாகப் பல வருடங்கள் பேசாமல் இருக்கும் அயலவர்களும் நம்மிடையே இருக்கின்றனர். ஆகவே இவ்விடயத்தில் மார்க்கம் காட்டும் வழியைச் சற்று விரிவாக நோக்குவோம்.

சுவரைப் பற்றிப் பேசிய மார்க்கம்

அல்குர்ஆன் ஸூரத்துந் நிஸாவின் 36ஆவது வசனம் பெற்றோர், உறவினர், அநாதைகள், ஏழைகள் ஆகியோருடன் சேர்த்து, நெருங்கிய அயலவருக்கும் தூரத்து அயலவருக்கும் உபகாரம் செய்யும்படி பணிக்கிறது. அயலவருக்குச் சொத்தில் பங்கும் கிடைத்துவிடுமோ என்று தாம் எண்ணுமளவுக்கு ஜிப்ரீல் (அலை) அவர்கள் அயலவர் விடயத்தில் தமக்கு வலியுறுத்தி வந்ததாக நபி (ஸல்) அவர்கள் கூறியிருக்கிறார்கள். இந்த ஹதீஸ் புகாரி, முஸ்லிம் ஆகிய இரு கிரந்தங்களிலும் இடம்பெற்றுள்ளது.

பொதுச்சுவரைப் பற்றியே ஒரு ஹதீஸ் இருக்கிறது என்பதைப் பலர் அறிந்திருக்க மாட்டார்கள். தன் சுவரில் அயலவர் ஒரு மரக்கட்டையைப் பொருத்த விரும்பினால் அதைத் தடுக்கக் கூடாது என்று நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியதை அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். மக்கள் இதனை மனமுவந்து ஏற்கத் தயங்கியபோது அவர்களை அபூஹுரைரா (ரலி) அவர்கள் கண்டித்தும் இருக்கிறார்கள். இமாம் அஹ்மத் (ரஹ்) அவர்கள் இதனைக் கட்டாயக் கடமை என்றார்கள். இது விரும்பத்தக்க செயல் என்று விளங்கிய இமாம்களும் உள்ளனர். எவ்வாறாயினும், என் சுவர் என்பதற்காக என் இஷ்டப்படி மட்டும் நடக்க முடியாது, அதன் மறுபக்கத்தில் இருப்பவருக்கும் ஓர் உரிமை உண்டு என்ற பாடம் இதில் தெளிவாக இருக்கிறது.

பிற்கால அறிஞர்கள் இந்த அடிப்படையை இன்னும் விரித்தார்கள். ஹிஜ்ரி 8ஆம் நூற்றாண்டில் துனிஸ் நகரில் வாழ்ந்த இப்னுர் ராமி என்பவர் கட்டட வேலையில் தேர்ந்தவர். அவர் மாலிகி மத்ஹபின் அடிப்படையில் கட்டடச் சட்டங்கள் பற்றி ஒரு நூல் எழுதினார். புகை, துர்நாற்றம் ஆகியவற்றுடன், மாவு அரைக்கும் ஆலையினால் அயலவர் சுவரில் உண்டாகும் அதிர்வும் அந்நூலில் ஆராயப்பட்டுள்ளது. ஒரு தாளைத் தொங்கவிட்டு, அதில் காய்ந்த கொத்தமல்லி விதைகளை இட்டு, ஆலை ஓடும்போது விதைகள் அசைகின்றனவா என்று பார்க்கும் முறை ஒன்றும் அதில் கூறப்பட்டிருக்கிறது. சுவர் வழியாக வரும் அதிர்வைக் கூட நம் முன்னோர் ஓர் அநீதியாகக் கருதி அளந்து பார்த்திருக்கிறார்கள்!

வணக்கத்தின் சத்தமும் எல்லைக்குட்பட்டதே

பாட்டுச் சத்தம் மட்டுமே தொல்லை, மார்க்க விடயங்களின் சத்தம் தொல்லையாகாது என்று சிலர் எண்ணுகின்றனர். நபி (ஸல்) அவர்கள் பள்ளிவாசலில் இஃதிகாப் இருந்த வேளையில் சிலர் உரத்த குரலில் குர்ஆன் ஓதுவதைக் கேட்டார்கள். உடனே திரையை விலக்கி, ஒவ்வொருவரும் தம் இரட்சகனுடன் உரையாடுவதால் ஒருவருக்கொருவர் நோவினை செய்யக் கூடாது என்றும், ஓதுவதில் ஒருவரை விட ஒருவர் குரலை உயர்த்தக் கூடாது என்றும் அறிவுறுத்தினார்கள். இது அபூதாவூதில் பதிவாகியுள்ளது. குர்ஆன் ஓதுவதற்கே இந்த ஒழுங்கு என்றால், கிரிக்கெட் வர்ணனைக்கும் தொலைக்காட்சித் தொடருக்கும் என்ன நிலை என்பதை நீங்களே சிந்தித்துப் பாருங்கள்.

நபி (ஸல்) அவர்களின் விருந்தினராகத் தங்கியிருந்த மிக்தாத் (ரலி) அவர்கள் மற்றொரு விடயத்தை அறிவிக்கிறார்கள். நபியவர்கள் இரவில் வரும்போது, விழித்திருப்பவருக்குக் கேட்கும் அளவிலும், உறங்குபவரை எழுப்பிவிடாத அளவிலும் ஸலாம் சொல்வார்களாம். ஸஹீஹ் முஸ்லிமில் வரும் இந்தச் செய்தியைப் பொதுச்சுவருள்ள வீடுகளில் வாழும் ஒவ்வொரு வாலிபரும் மனதில் பதித்துக்கொள்ள வேண்டும். ஸலாம் ஸுன்னத்தான அமல்; அதனையும் பிறர் உறக்கத்தைக் கெடுக்காமல் நிறைவேற்றினார்கள்.

நம் நாட்டு உயர் நீதிமன்றமும் இவ்விடயத்தில் பேசியிருக்கிறது. வெலிகமைப் பள்ளிவாசல் ஒன்றின் ஒலிபெருக்கி சம்பந்தமான வழக்கில், 2007ஆம் ஆண்டு, இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிகளுக்கு அனுமதிப்பத்திரம் வழங்கக் கூடாது என்று அது பணித்தது. அத்தீர்ப்பை ஒட்டி அன்று பல கருத்துக்கள் நிலவின. எனினும் உறங்குபவரின் உரிமை என்பது நம் ஹதீஸ்களில் ஏற்கனவே இருந்த ஒன்றுதான் என்பதை நாம் மறந்துவிடலாகாது.

மூன்று வகைச் சத்தங்கள்

அயலவர் மீது கோபப்படுவதற்கு முன், வரும் சத்தம் எவ்வகையைச் சேர்ந்தது என்று பிரித்தறிய வேண்டும்.

முதலாவது, வாழ்க்கையுடன் ஒட்டிய சத்தம். பச்சிளம் குழந்தையின் அழுகை, முதியவரின் இருமல், ஸஹர் நேரத்துப் பாத்திர ஓசை, இரவு வேலை முடிந்து வருபவர் கதவு திறக்கும் சத்தம் போன்றவை. இவற்றுக்குப் பொறுமையே மருந்து. குழந்தை ஏன் அழுகிறது என்று தாயைக் கடிந்துகொள்வது அநீதியாகும்.

இரண்டாவது, கவனக்குறைவினால் வரும் சத்தம். சுவரோடு ஒட்டி வைத்த ஒலிபெருக்கி, நள்ளிரவில் கதிரையை இழுத்தல், விடியற்காலையில் வெறும் தரையில் வைத்து உரல் இடித்தல், வாசலில் மோட்டார் சைக்கிளை முறுக்கிக்கொண்டு நிற்றல் ஆகியன இதில் அடங்கும். இவற்றைச் செய்பவர்களில் பெரும்பாலானோர், மறுபக்கம் எவ்வளவு கேட்கிறது என்பதை அறியாதவர்கள். இவர்களுக்கு வேண்டியது நல்ல வார்த்தையில் ஓர் அறிவிப்பு மாத்திரமே.

மூன்றாவது, தெரிந்தும் செய்யும் நோவினை. எவருடைய தீங்கிலிருந்து அவரது அயலவர் அச்சமற்று இருக்கவில்லையோ அவர் விசுவாசியாக மாட்டார் என்று நபி (ஸல்) அவர்கள் மும்முறை சத்தியமிட்டுக் கூறிய எச்சரிக்கை இத்தகையவருக்கு உரியது. தொழுகை, நோன்பு, தர்மம் யாவும் நிறைவாக இருந்தும், நாவினால் அயலவரை நோவினை செய்த ஒரு பெண்ணின் முடிவு நரகம் என்று எச்சரிக்கப்பட்ட ஹதீஸையும் இங்கு நினைவுகூர்வது தகும்.

நம்மில் பலர் இரண்டாம் வகையை மூன்றாம் வகையென எண்ணிச் சண்டை தொடங்குகின்றனர். அயலவர் பகைமைகள் பலவற்றின் வேர் இதுவே.

முதலில் நம் பக்கத்தைச் சீர்செய்வோம்

சத்தம் இரண்டு வழிகளில் வருகிறது. ஒன்று காற்றின் வழியாக; மற்றையது சுவர், தரை ஆகியவற்றின் அதிர்வு வழியாக. வரிசை வீடுகள் பலவற்றில் நடுச்சுவர் கூரை வரை எழுப்பப்படாமல் இடைவெளி விடப்பட்டிருக்கும். பேச்சொலி அந்த இடைவெளியால் தாராளமாகக் கடக்கும். அதை அடைத்தாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். இரு வீட்டாரும் செலவைப் பகிர்ந்துகொண்டால் அதுவே ஸுலஹுக்கு ஒரு வழியாகும்.

அதிர்வுச் சத்தத்துக்கு வேறு வழி வேண்டும். ஒலிபெருக்கியைப் பொதுச்சுவரிலிருந்து தள்ளி, தடித்த துணி மீது வையுங்கள். உரலுக்கு அடியில் மடித்த சாக்கை விரியுங்கள். கதிரைக் கால்களுக்கு இறப்பர் மாட்டுங்கள். சத்தம் வரும் சுவரோரம் அலுமாரியை வைத்து, கட்டிலை மறுபக்கம் மாற்றுங்கள். செலவு சிறிது, பயன் பெரிது.

பெற்றோர்களே! பிள்ளைகளைக் கட்டிப்போட முடியாது. ஆனால் இஷாவுக்குப் பின் துள்ளி விளையாடுவதைத் தவிர்க்கப் பழக்கலாம். அயல்வீட்டுப் பிள்ளை சாதாரண தரப் பரீட்சைக்கோ உயர்தரப் பரீட்சைக்கோ படிக்கும் மாதங்களில் தொலைக்காட்சியின் ஒலியைக் குறைத்துவிடுங்கள். கலியாணம், கத்தம் போன்ற வைபவங்கள் இருந்தால் முன்கூட்டியே அறிவித்து, முடியும் நேரத்தையும் கூறிவிடுங்கள். முடியும் நேரம் தெரிந்த சத்தத்தை மனிதன் இலகுவில் பொறுத்துக்கொள்வான்.

வாலிபர்களே! தராவீஹ் முடிந்து வீதியில் கூடிச் சிரித்துப் பேசும் உங்கள் சத்தம், அதிகாலையில் வேலைக்குச் செல்ல வேண்டிய மாற்று மதச் சகோதரரின் வீட்டுக்குள்ளும் போகிறது. ரமழானைப் பற்றி அவர் அறிந்துகொள்வது உங்கள் சத்தத்தின் மூலமா, உங்கள் பண்பின் மூலமா? ஓர் ஆடு அறுக்கப்பட்டபோது, நம் யூத அயலவருக்கு அதிலிருந்து கொடுத்தனுப்பினீர்களா என்று அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரலி) அவர்கள் கேட்டார்கள். அயலவர் உரிமை மதத்தைப் பார்ப்பதில்லை.

பேசும் முறை

பேச வேண்டிய நிலை வந்தால் கோபம் தணிந்த பின் பேசுங்கள். நள்ளிரவில் கதவைத் தட்ட வேண்டாம். பதிலுக்குச் சுவரில் இடிக்கவும் வேண்டாம். தீங்கு செய்வதும் கூடாது, தீங்குக்குத் தீங்கால் பதிலளிப்பதும் கூடாது என்பது நம் மார்க்கத்தின் பெரும் அடிப்படைகளில் ஒன்று. மறுநாள் அஸருக்குப் பின், முடிந்தால் ஏதாவது உணவுடன் செல்லுங்கள். பிறர் முன்னிலையில் பேசாதீர்கள். குற்றம் சாட்டாமல் தேவையைச் சொல்லுங்கள்.

"நானா, வாப்பாவுக்கு இரவில் ஒருமுறை நித்திரை குழம்பினால் விடியும் வரை தூக்கம் வருவதில்லை. பத்து மணிக்குப் பின் அந்த ஸ்பீக்கரைக் கொஞ்சம் குறைத்தால் எங்களுக்குப் பெரிய உதவி. எங்கள் வீட்டுச் சத்தம் ஏதும் உங்களுக்குத் தொல்லையாக இருந்தால் அதையும் சொல்லுங்கள்."

இந்தக் கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். பேச்சை வழக்காக மாற்றாமல் உடன்பாடாக மாற்றுவது அதுதான்.

இமாம் அபூஹனீபா (ரஹ்) அவர்களின் வாழ்வில் நடந்ததாக வரலாற்று நூல்கள் ஒரு சம்பவத்தைக் கூறுகின்றன. கூஃபாவில் அவர்களது அயலவராக ஒரு செருப்புத் தொழிலாளி இருந்தார். பகலெல்லாம் உழைப்பார், இரவில் குடித்துவிட்டு உறங்கும் வரை பாடுவார். இமாமவர்கள் இரவுத் தொழுகையில் நின்றவாறு அதனைக் கேட்பார்கள். ஓர் இரவு சத்தம் வரவில்லை. விசாரித்தபோது காவலர்கள் அவரைப் பிடித்துச் சென்றது தெரிந்தது. தொல்லை நீங்கியது என்று இமாமவர்கள் நிம்மதியடையவில்லை. ஸுபஹுக்குப் பின் தாமே அமீரிடம் சென்று பேசி அவரை விடுவித்தார்கள். அந்த மனிதர் அதன் பின் தன் தீய பழக்கத்தை விட்டு மீண்டார். சத்தம் நின்றதை அல்ல, மனிதன் காணாமற் போனதையே இமாமவர்கள் கவனித்தார்கள்.

பொறுமைக்கும் ஓர் எல்லை உண்டு

பொறுமை என்றால் அநீதியை என்றென்றும் விழுங்கிக்கொண்டிருப்பது என்று பொருளல்ல. அயலவரின் தொல்லை பற்றி ஒருவர் முறையிட்டபோது நபி (ஸல்) அவர்கள் ஓரிரு முறை பொறுமையை உபதேசித்தார்கள். அவர் மீண்டும் வந்தபோது, வீட்டுப் பொருட்களை எடுத்து வீதியில் வைக்கும்படி கூறினார்கள். வழியால் சென்றோர் காரணம் கேட்டு அந்த அயலவரைச் சபிக்கத் தொடங்கினர். அவர் ஓடி வந்து, இனி அவ்வாறு நடவாது என்று வாக்களித்தார். முதலில் பொறுமை, பின்னர் சமூகத்தின் துணை என்ற ஒழுங்கு இதிலிருந்து விளங்குகிறது.

ஆகவே நேரடிப் பேச்சு பயனளிக்காவிடின், இருவரும் மதிக்கும் ஒரு பெரியவரையோ பள்ளிவாசல் நிர்வாகத்தினரையோ நாடுங்கள். தொடர்மாடியாயின் முகாமைத்துவக் குழுவிடம் முன்வையுங்கள். அதன் பிறகு மத்தியஸ்த சபை இருக்கிறது. 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைக்கப்பட்ட இச்சபைகள், வழக்குக்குப் போகாமல் இணக்கம் காண்பதற்கே உரியன. ஸுலஹ் செய்து வைத்தல் என்ற நம் மார்க்கப் பண்புக்கு இது மிக நெருக்கமானது. ஒலி மாசு பற்றிய ஒழுங்குவிதிகள் 1996 முதல் நம் நாட்டில் உள்ளன. பொலிஸாரை நாடுவதும் ஹராமல்ல. எனினும் அது கடைசிப் படியாக இருக்கட்டும்.

சுவர் வழியே வரும் இரகசியம்

இறுதியாக ஒரு முக்கிய விடயம். மெல்லிய சுவர் சத்தத்தை மட்டுமன்றி அயல்வீட்டின் இரகசியத்தையும் கொண்டுவரும். காதில் விழுவது நம் குற்றமல்ல. காதைக் கொடுத்துக் கேட்பதும், கேட்டதைப் பரப்புவதும் குற்றமாகும். கணவன் மனைவிப் பேச்சு, கடன் பிரச்சினை, பிள்ளையின் தவறு யாவும் சுவரோடு நின்றுவிட வேண்டிய அமானிதங்கள்.

ஆனால் ஒரு பெண்ணோ பிள்ளையோ அடிபட்டு அலறும் சத்தம் கேட்டால் அது மறைக்க வேண்டிய இரகசியமல்ல. "குடும்ப விடயம்" என்று கூறி வானொலியின் சத்தத்தைக் கூட்டிவிட்டு இருந்துவிடாதீர்கள். உடனே கதவைத் தட்டுங்கள், நாலு பேரைக் கூட்டுங்கள். பொலிஸ் அவசர இலக்கம் 119, சிறுவர்களுக்கு 1929, பெண்களுக்கு 1938 என்பவற்றை வீட்டில் எழுதி வையுங்கள். அநீதி இழைக்கப்படுபவருக்கு உதவுவது அயலவர் கடமைகளில் தலையாயது. அவர்களின் குரல் எட்டும் தூரத்தில் இருப்பவர் நீங்கள் ஒருவராகவே இருக்கக்கூடும்.

எங்கள் இரட்சகனே! எங்கள் நாவினாலும் கைகளாலும் எங்கள் வீடுகளின் சத்தத்தினாலும் எந்த அயலவரும் நோவினை அடையாதிருக்க அருள்புரிவாயாக! எங்களுக்கு நல்ல அயலவரைத் தந்து, எங்களையும் பிறருக்கு நல்ல அயலவராக ஆக்குவாயாக! ஆமீன்.