சூழலை உணரும் மென்பொருள்

திருகோணமலையின் அரச அலுவலகங்களில் தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் இணைந்தே கடமையாற்றுகின்றனர். ஜும்ஆத் தொழுகை வேளையில் கூட்டம் கூட்டுவதும், தமிழில் பணியாற்றுபவருக்குச் சிங்களத்தில் மட்டும் சுற்றறிக்கை அனுப்புவதும் இங்கு புதியவையல்ல. 1987ஆம் ஆண்டின் 13ஆவது அரசியலமைப்புத் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கிய பின்னரும் இக்குறை முற்றாக நீங்கவில்லை.

பெறுபவர் எங்கே, என்ன வேலையில் இருக்கிறார் என்பதையறிந்து தகவலைச் சேர்ப்பிப்பதே மென்பொருளின் சூழலுணர்வு. 1990களின் தொடக்கத்தில், இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜிலிருந்த ஒலிவெட்டி ஆய்வுகூடத்தில் ஊழியர் அணிந்த சிறு அட்டை, அகச்சிவப்புக் கதிர்மூலம் அவரிருக்கும் அறையை அறிவித்தது. வரவேற்பாளர் தொலைபேசி அழைப்பை அவ்வறைக்கே திருப்பினார். இன்றைய அலுவலக மென்பொருள்கள் நாட்காட்டியைப் பார்த்து, கூட்டத்திலிருப்பவரை வேலையாக உள்ளவரெனக் காட்டுகின்றன. தொழுகை நேரத்தையும் விரும்பும் மொழியையும் பதிந்துவைத்தால் அவற்றையும் கவனத்திற் கொள்ளுமாறு இவற்றை அமைக்கலாம்.

ஆயினும், ஊழியரின் இருப்பிடத்தை அறியும் கருவி அவரை வேவு பார்க்கவும் வல்லது. தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை நமது பாராளுமன்றம் 2022இல் நிறைவேற்றியதை அலுவலகத் தலைவர்கள் மறத்தலாகாது. தம்மைப் பற்றி எதை அறிவிப்பதென்பதை ஊழியரே தீர்மானிக்க வேண்டும்; அறிவித்ததை மதிப்பது நிருவாகத்தின் கடமை என்பதே நமது கருத்தாகும்.