ரேகைச் சட்டமும் பள்ளிக்கூடமும்

நூறு ஆண்டுகளுக்கு முன்பு உசிலம்பட்டி வட்டாரத்தில் பொழுது சாய்ந்தால் ஆண்கள் வீட்டில் தங்க முடியாது. பதிவேட்டில் பெயர் ஏறிய பிரமலைக் கள்ளர்கள் சாவடிக்குப் போய், காவலுக்குக் கட்டுப்பட்டுப் படுக்க வேண்டும். புதுமாப்பிள்ளைக்கும் விலக்கில்லை. வெளியூர் போவதென்றால் கையில் ‘ராத்திரிச் சீட்டு’ இருக்க வேண்டும். 1911-ஆம் ஆண்டின் குற்றப் பழங்குடிகள் சட்டம், பத்து விரல் ரேகையையும் வாங்கிக்கொண்டு விதித்த வாழ்க்கை இது. மக்கள் அதை ரேகைச் சட்டம் என்றார்கள். யாரோ சிலர் செய்த களவுக்கு ஒரு சாதி முழுவதும் பிறப்பிலேயே குற்றவாளி ஆனது.

அந்தக் களவுக்கும் ஒரு காரணம் இருந்தது. ஊர்க்காவல் பார்த்து, அதற்கான கூலியில் பிழைத்தவர்கள் இவர்கள். வெள்ளையர் அரசு தன் போலீஸைக் கொண்டுவந்து அந்த உரிமையை ஒழித்தது. 1895-ல் பெரியாறு அணை வந்து மேலூர்ப் பக்கம் வயல்கள் செழித்தபோதும், உசிலம்பட்டியின் மேட்டு நிலத்துக்குத் தண்ணீர் ஏறவில்லை. வேலை போய், மழையும் பொய்த்த ஊர்களில் மாடு களவு போவதும், ‘துப்புக்கூலி’ கொடுத்து அதை மீட்பதும் நடந்தன.

ரேகைச் சட்டம் இந்தக் காரணங்களில் ஒன்றையும் தொடவில்லை. இருட்டுவதற்குள் சாவடிக்குத் திரும்ப வேண்டியவன் தொலைவில் கூலி வேலைக்கு எப்படிப் போவான்? திருடினாலும் திருடாவிட்டாலும் படுக்கை சாவடியில்தான் என்றால், ஒழுங்காக வாழ்வதால் அவனுக்குக் கிடைப்பது என்ன? 1920 ஏப்ரல் 3 அன்று ரேகை வைக்க மறுத்துப் பெருங்காமநல்லூர் மக்கள் திரண்டார்கள். போலீஸ் சுட்டதில் மாயக்காள் என்ற பெண் உட்பட 16 பேர் மடிந்தார்கள்.

அதே காலத்தில் அதே அரசு இன்னொரு வேலையையும் தொடங்கியது. கள்ளர் சீரமைப்பு என்ற பெயரில் பள்ளிகளும் விடுதிகளும் கூட்டுறவுச் சங்கங்களும் வந்தன. அதிலும் கட்டாயமும் கண்காணிப்பும் இருந்தன. பெயரிலேயே இழிவு ஒட்டியிருந்தது. ஆனாலும் பிள்ளைகளின் கைக்குச் சிலேட்டு வந்தது.

1947-ல் சென்னை மாகாணத்தில் ரேகைச் சட்டம் ஒழிந்தது. அதற்காக யாரும் கண்ணீர் விடவில்லை. பள்ளிகள் நிலைத்தன. மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களில் ஏறத்தாழ 300 கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள் இன்றும் இயங்குகின்றன. தாத்தா ரேகை வைத்த வீட்டிலிருந்து பேரப்பிள்ளைகள் ஆசிரியராகவும் ராணுவ வீரராகவும் காவல் அதிகாரியாகவும் போகிறார்கள். தண்ணீர் மட்டும் இன்னும் முழுதாக வந்து சேரவில்லை. பல பத்தாண்டுப் போராட்டத்துக்குப் பிறகு, வைகை நீரை உசிலம்பட்டிப் பக்கம் கொண்டுவரும் 58 கிராமக் கால்வாயில் 2018-ல் சோதனை ஓட்டமாக நீர் விட்டார்கள். வைகை அணை 67 அடியைத் தொட்டால்தான் அதில் தண்ணீர் பாயும்.

சட்டம் போனாலும் அதன் மனப்பான்மை போகவில்லை. ஒரு கொலைச் செய்தி வந்ததும் ‘குண்டாஸில் போடு’ என்கிறோம். 1982-ல் தமிழ்நாட்டில் வந்த அந்தக் குண்டர் தடுப்புச் சட்டத்தின்படி விசாரணையே இல்லாமல் 12 மாதம் வரை அடைத்து வைக்கலாம். உள்ளே போகிற இளைஞனின் வேலை போகிறது. வெளியே வந்தால் வேலை கொடுக்க ஆள் இல்லை. ரேகைச் சட்டம் செய்த அதே தவறு இது: குற்றத்துக்குத் தள்ளிய காரணத்தை இன்னும் ஆழமாக்கி அனுப்புகிறது.

தண்டனையே வேண்டாம் என்று சொல்லவில்லை. பறிகொடுத்தவருக்கு நியாயம் வேண்டும். குற்றம் செய்தவரைப் பிடித்து, விரைவாக விசாரித்து, செய்த குற்றத்துக்கு மட்டும் தண்டனை கொடுக்க வேண்டும். கடுமையைக் கூட்டுவதால் குற்றம் குறையும் என்ற நம்பிக்கையை உசிலம்பட்டி மண் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகச் சோதித்துப் பார்த்துவிட்டது. இன்று எந்தப் பகுதியில் குற்றம் பெருகினாலும் அங்கே எத்தனை பிள்ளைகள் படிப்பை நிறுத்தினார்கள், எந்தத் தொழில் மூடப்பட்டது என்பதைத்தான் அரசு முதலில் கணக்கெடுக்க வேண்டும். புதிய சட்டத்துக்கு ஒதுக்கும் அக்கறையைப் பள்ளிக்கும் தண்ணீருக்கும் வேலைக்கும் ஒதுக்கச் சொல்லி நாம் கேட்க வேண்டும்.