மாத்தளையிலிருந்து கடல் கடந்து: கைக்கு அடக்கமான செலவில் வெளிநாட்டுப் பயணம்

மாத்தளை மாவட்டத்திலிருந்து வெளிநாடு போய்வர இன்று மூன்று வாசல்கள் உண்டு: கட்டுநாயக்க, பலாலி, காங்கேசன்துறை. முதலாவது எல்லோருக்கும் தெரிந்தது. மற்ற இரண்டையும் மாத்தளையோடு இணைப்பது ஏ9 வீதி. கண்டியில் தொடங்கி மாத்தளை, நாலந்தா, தம்புள்ளை ஊடாக யாழ்ப்பாணம் வரை 321 கிலோமீற்றர் ஓடும் அந்த வீதியில் இரவில் பஸ் ஏறினால் விடியும்போது யாழ்ப்பாணத்தில் இறங்கலாம். தூரத்தில் கட்டுநாயக்க ஏறக்குறைய பாதிதான். ஆனால் செலவு தூரத்தைப் பார்த்து ஏறி இறங்குவதில்லை. எந்த ஊருக்கு, எந்த வாரத்தில், எத்தனை கிலோ பொதியோடு போகிறார்கள், போன இடத்தில் எங்கே படுக்கிறார்கள் என்பவைதாம் கணக்கைத் தீர்மானிக்கின்றன. டிக்கெட் விலை அந்தக் கணக்கின் முதல் வரி மட்டுமே.

மாத்தளைத் தமிழருக்கு வெளிநாடு என்றதும் முதலில் வருவது தமிழ்நாடு. அதற்குப் பக்தி மட்டும் காரணமல்ல. 1964 ஒக்டோபர் 30 இல் கையெழுத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று வகுத்தது. அதன்படி தோட்டங்களை விட்டுப் போனவர்களில் பலர் நீலகிரியில் குடியேறினார்கள். கோத்தகிரி, குன்னூர், கூடலூர், பந்தலூர்ப் பகுதிகளில் தமிழ்நாடு அரசின் தேயிலைத் தோட்டக் கழகமான டான்டீ அவர்களுக்கென்றே தோட்டங்களை எழுப்பியது. எனவே இரத்தோட்டையிலோ உக்குவளையிலோ இருக்கும் ஒரு குடும்பத்துக்குப் பந்தலூரில் சித்தப்பா வீடு இருப்பது புதுமையில்லை. சுற்றுலா வழிகாட்டிகள் எதுவும் சொல்லாத சிக்கனம் இது: தங்கும் செலவு இல்லாத வெளிநாடு.

போக்குவரத்தின் திசைதான் மாறியிருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களுக்கு வந்தவர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காடு வழியே தம்புள்ளையைத் தாண்டி நடந்து மாத்தளையை அடைந்தார்கள். வழியில் காய்ச்சலிலும் பசியிலும் விழுந்தவர்கள் பலர். 2023 இல் மலையக மக்களின் இருநூறாண்டை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடைபவனி வந்ததும் இதனால்தான். 1914 இல் தொடங்கிய தனுஷ்கோடி - தலைமன்னார்க் கப்பலும் அதனோடு இணைந்த ரயிலும் பல தலைமுறைக்கு மலிவான வழியாக இருந்தன. 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழித்தது. பிறகு இராமேஸ்வரத்திலிருந்து ஓடிய கப்பலும் 1980களில் போரோடு நின்றது. அதற்குப் பின் ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் பெரும்பாலும் விமானமே வழி.

2019 ஒக்டோபர் 17 இல் பலாலி, யாழ்ப்பாண சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. கொவிட் காலத்தில் நின்ற சென்னைச் சேவை 2022 டிசம்பரில் மீண்டும் தொடங்கியது. 2024 செப்டெம்பரில் இண்டிகோ சென்னைக்கும், 2025 மார்ச் இறுதியில் திருச்சிக்கும் பறக்கத் தொடங்கியது. இவை எழுபதுக்கும் எண்பதுக்கும் இடைப்பட்ட பேரே ஏறக்கூடிய சிறிய விமானங்கள். மலிவான இருக்கைகள் சீக்கிரம் தீர்ந்துவிடும். கட்டுநாயக்கவில் அப்படியல்ல. சென்னை, திருச்சி, மதுரைக்கு ஸ்ரீலங்கன் பறக்கிறது. சென்னைத் தடத்தில் வேறு நிறுவனங்களும் போட்டியில் இருப்பதால் அங்கே விலை இறங்கும் வாய்ப்பு அதிகம். ஆனால் அதிகாலை விமானம் என்றால் மாத்தளையிலிருந்து வான் பிடிக்க வேண்டும், அல்லது முதல்நாளே நீர்கொழும்பில் அறை எடுக்க வேண்டும். ஐந்து பேர் சேர்ந்து வான் வாடகையைப் பகிர்ந்தால் கட்டுநாயக்க இலாபம். இருவர் மட்டும் திருச்சி போவதென்றால் இரவு பஸ்ஸில் பலாலி போவது இலாபமாக இருக்கலாம். இரண்டையும் வீட்டு வாசலிலிருந்து வீட்டு வாசல் வரை கூட்டிப் பார்த்த பிறகே முடிவெடுக்க வேண்டும்.

கப்பல் இன்னொரு கணக்கு. நாகப்பட்டினம் - காங்கேசன்துறைச் சேவை 2023 ஒக்டோபர் 14 இல் தொடங்கி, கடல் கொந்தளிப்பால் சில நாட்களிலேயே நின்றது. 2024 ஓகஸ்ட் 16 இல் ‘சிவகங்கை’ என்ற கப்பலோடு மீண்டும் தொடங்கியது. பயணம் ஏறக்குறைய நான்கு மணி நேரம். இதன் பெரிய அனுகூலம் இறங்கும் இடம். நாகப்பட்டினத்துக்கு வடக்கே சில கிலோமீற்றரில் நாகூர் தர்கா, தெற்கே சிறிது தூரத்தில் வேளாங்கண்ணி, மேற்கே திருவாரூர், கும்பகோணம், தஞ்சாவூர். மாத்தளையின் இந்து, முஸ்லிம், கத்தோலிக்கக் குடும்பங்கள் மூன்றுக்கும் ஒரே துறைமுகம் போதும். குறை என்னவென்றால், வடகீழ்ப் பருவ மழைக் காலத்தில் இந்தச் சேவை நின்றுவிடும். விடுமுறை நாட்கள் எண்ணி வைக்கப்பட்டவர்கள் கப்பலில் போய், திரும்புவதற்கு மாற்று வழிக்கான பணத்தையும் கையில் வைத்திருப்பது நல்லது.

பயணத் திட்டம் கடவுச்சீட்டில் தொடங்குகிறது. பத்தரமுல்லைத் தலைமை அலுவலகத்தைத் தவிர குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்துக்குக் கண்டியிலும் குருநாகலிலும் பிராந்திய அலுவலகங்கள் உண்டு. மாத்தளை நகரத்தாருக்குக் கண்டியும் கலேவெலை, தம்புள்ளைப் பக்கத்தாருக்குக் குருநாகலும் கிட்ட. படம் பதிவுபெற்ற ஸ்டூடியோவில் எடுக்கப்பட வேண்டும். தோட்டப் பகுதியினர் அதிகம் சிக்குவது பெயரில்தான். பிறப்புச் சான்றிதழில் ஒரு மாதிரி, அடையாள அட்டையில் வேறு மாதிரி, திருமணச் சான்றிதழில் மூன்றாவது மாதிரி என்று எழுத்து மாறியிருக்கும். அதைத் திருத்தப் பிரதேச செயலகத்துக்கு அலையும் மாதங்களைக் கணக்கில் சேர்க்காமல் டிக்கெட் வாங்கக் கூடாது. அவசரத்துக்கு ஒருநாள் சேவை உண்டு, கட்டணமும் அதற்கேற்ப அதிகம். பழைய கடவுச்சீட்டு வைத்திருப்பவர், பயணத் தேதிக்குப் பிறகும் ஆறு மாதம் செல்லுபடியாகிறதா என்று பார்க்க வேண்டும்.

இந்தியாவுக்கு விசா கட்டாயம். இலங்கையருக்கு 2015 முதல் இணையவழி ஈ-விசா கிடைக்கிறது. அது செல்லுபடியாகும் விமான நிலையங்களுக்கும் துறைமுகங்களுக்கும் தனிப் பட்டியல் உண்டு. கப்பலில் போக நினைப்பவர் தமது இறங்குதுறை அதில் இருக்கிறதா என்று முதலில் பார்ப்பது அவசியம். இல்லையென்றால் கடவுச்சீட்டில் ஒட்டும் சாதாரண விசாதான். அதற்கு மாத்தளைக்காரர் கொழும்புக்குப் போக வேண்டியதில்லை, கண்டியிலேயே இந்திய உதவி உயர்ஸ்தானிகராலயம் இருக்கிறது. ஈ-விசாவுக்கு இந்திய அரசின் தளத்தைப் போலவே தோற்றம் காட்டி இரட்டிப்புக் கட்டணம் வாங்கும் தளங்கள் இணையத்தில் மலிந்து கிடக்கின்றன. முகவரியின் முடிவில் இந்திய அரசுக்குரிய எழுத்துகள் இருக்கின்றனவா என்று பார்த்தே பணம் செலுத்த வேண்டும்.

விமான நிறுவனங்கள் ஒரே விமானத்தின் இருக்கைகளைப் பல விலைப் படிகளாகப் பிரித்து வைத்திருக்கின்றன. கீழ்ப்படி தீர்ந்ததும் அடுத்த படி விற்பனைக்கு வரும். மலிவான படியில் மூன்று இருக்கைகள்தாம் மிஞ்சியிருக்கும்போது ஐந்து பேருக்குத் தேடினால், பெரும்பாலும் ஐந்து பேருக்கும் மேல்படி விலையே காட்டப்படும். ஆகவே முதலில் ஒருவருக்கு, பிறகு இருவருக்கு, பிறகு மூவருக்கு என்று தேடிப் பார்த்து, விலை எங்கே ஏறுகிறதோ அங்கே பிரித்து வாங்கினால் பணம் மிஞ்சும். செவ்வாய்க்கிழமை நள்ளிரவில் டிக்கெட் மலிவு என்பது ஊர்க்கதை. வாங்கும் கிழமையை விடப் பறக்கும் கிழமைதான் விலையை மாற்றும். வார நடுவில் போய் வார நடுவில் திரும்புவது பொதுவாகக் குறைவு.

சிக்கன விமானச் சேவைகளில் காட்டப்படும் விலைக்குள் பெரும்பாலும் கைப்பை மட்டுமே அடங்கும். பொதிக்கும் உணவுக்கும் இருக்கைத் தெரிவுக்கும் தனிக் கட்டணம். வெறும் பையோடு போய்ச் சேலைப் பெட்டியோடு திரும்புவதே நம்மவர் வழக்கம் என்பதால், திரும்பும் பயணத்துக்கு மட்டும் பொதி எடையை முன்கூட்டியே வாங்கிவிடுவது புத்தி. விமான நிலையத்தில் நிறுத்துப் பார்த்துக் கட்டும் கூடுதல் தொகை, மிச்சம் பிடித்ததையெல்லாம் விழுங்கிவிடும். டிக்கெட்டில் பெயர் கடவுச்சீட்டில் உள்ளபடியே இருக்க வேண்டும். தமிழ்ப் பெயர்களில் தந்தை பெயர் எது, சொந்தப் பெயர் எது என்று படிவம் கேட்கும் இடத்தில் தடுமாறி, பிறகு திருத்தக் கட்டணம் கட்டுபவர்கள் நிறையப் பேர்.

கடன் அட்டை இல்லாத வீடுகளே மாவட்டத்தில் அதிகம். வங்கி டெபிட் அட்டையிலும் வெளிநாட்டு இணையக் கொடுப்பனவைத் தனியாகச் செயற்படுத்தக் கேட்க வேண்டியிருக்கும். அதனால் மாத்தளையிலோ கண்டியிலோ ஒரு முகவரிடம் பணமாகக் கொடுத்து வாங்குவது வழக்கம். அதில் தவறில்லை. ஆனால் பற்றுச்சீட்டோடு ஆறு எழுத்து - எண் கொண்ட முன்பதிவு இலக்கத்தையும் வாங்கி, விமான நிறுவனத்தின் தளத்தில் தாமே சரிபார்க்க வேண்டும். குழுச் சுற்றுலாவாகப் புத்தகயா போகும் சிங்கள அயலாருக்கும் இந்தப் புத்தி பொருந்தும். உம்ராவுக்குப் போகும் முஸ்லிம் குடும்பங்கள், முகவர் முஸ்லிம் சமய பண்பாட்டலுவல்கள் திணைக்களத்தில் பதிவு செய்தவரா என்று கேட்கலாம். சுற்றுலா விசாவில் அனுப்பி அங்கே வேலை எடுத்துத் தருவதாகச் சொல்பவர் விடுமுறை முகவர் அல்ல. தோட்டத்து இளைஞரை அந்த வழியில் கொண்டுபோய் நடுத்தெருவில் விட்ட கதைகள் ஒன்றிரண்டல்ல.

தமிழ்நாட்டில் இறங்கிய பிறகு எதிர்பாராத செலவு தங்குமிடத்தில் வரும். வெளிநாட்டவரைத் தங்க வைப்பவர்கள் அவர்களைப் பற்றி, ‘சி படிவம்’ என்று அறியப்பட்ட ஒரு படிவத்தை இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் குடிவரவு அதிகாரிகளுக்கு அனுப்ப வேண்டும் என்பது இந்தியச் சட்டம். இந்தச் சிரமத்துக்குப் பயந்து மலிவான லாட்ஜுகள் இலங்கைக் கடவுச்சீட்டைக் கண்டதும் அறை இல்லை என்று சொல்லிவிடுவது உண்டு. பெட்டிகளோடு நள்ளிரவில் அடுத்த விடுதிக்கு ஆட்டோ பிடிப்பதை விட, முன்பதிவுக்கு முன் தொலைபேசியில் கேட்டுவிடுவது மேல். உறவினர் வீட்டில் தங்கினாலும் இதே படிவம் அனுப்பப்பட வேண்டும். சித்தப்பாவுக்கு அதை முன்னரே சொல்லி வைப்பது பின்னால் வரும் தலைவலியைத் தவிர்க்கும்.

ரயிலும் பஸ்ஸும் இந்தியாவில் மலிவு. ரயில் முன்பதிவு 2024 நவம்பரிலிருந்து 60 நாட்களுக்கு முன் திறக்கிறது. முன்பு அது 120 நாள். நீலகிரிக்கு வாடகைக் கார் பிடிப்பவர் 2024 மே மாதத்திலிருந்து நடைமுறையில் உள்ள ஈ-பாஸ் எடுக்க வேண்டும். மேட்டுப்பாளையத்திலிருந்து அரசு பஸ்ஸில் கோத்தகிரிக்கு ஏறுபவருக்கு அது தேவையில்லை. பெட்டிக்கடைகள் வரை கைப்பேசியில் பணம் வாங்கும் நாடு அது. ஆனால் அந்த வசதி பொதுவாக இந்திய வங்கிக் கணக்கோடு கட்டப்பட்டது என்பதால் இலங்கையர் கையில் பணத்தாளும் சில்லறையும் வைத்திருக்க வேண்டும். டொலரை மத்திய வங்கி அனுமதி பெற்ற நாணயமாற்றுநரிடம் பற்றுச்சீட்டோடு வாங்குவதே பாதுகாப்பு. 2022 இல் சில வாரங்களுக்குள் டொலர் 200 ரூபாயிலிருந்து 350 ஐத் தாண்டியதைப் பார்த்த பிறகு, பயணத்துக்கான நாணயத்தைக் கடைசி நாள் வரை தள்ளிப்போடாமல் சிறிது சிறிதாகச் சேர்ப்பவர்கள் கூடியிருக்கிறார்கள். 2024, 2025 ஆம் ஆண்டுகளில் ஓர் இந்திய ரூபாய்க்கு ஏறக்குறைய மூன்றரை இலங்கை ரூபாய் என்பதைக் கணக்கில் கொண்டால், அங்கே மலிவாகத் தெரியும் பல பொருட்கள் அவ்வளவு மலிவில்லை என்பதும் புரியும்.

காலத் தெரிவில் மாத்தளைக்காரருக்கு ஒரு சங்கடம் இருக்கிறது. ஏப்ரல் புத்தாண்டு விடுமுறையில் இங்கே டிக்கெட் ஏறும். அதே வேளையில் நீலகிரியில் கோடைக் கூட்டம் தொடங்கி அறை வாடகையும் ஏறும். ஓகஸ்ட் 29 முதல் செப்டெம்பர் 8 வரை வேளாங்கண்ணித் திருவிழா, அறை கிடைக்காது. நவம்பர் நடுப்பகுதியிலிருந்து ஜனவரி நடுப்பகுதி வரை ஐயப்ப பக்தர்களால் தென்னிந்திய விமானங்கள் நிறைந்துவிடும். அந்த மாதங்களில் மலைநாட்டு வீதியையும் நம்ப முடியாது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலில் மண்சரிவுகள் பாதைகளை அடைத்தன. பாடசாலைப் பிள்ளைகள் இல்லாத குடும்பத்துக்குப் பெப்ரவரியும் மார்ச் தொடக்கமும் வெப்பத்திலும் விலையிலும் இதமான காலம். மாத்தளை முத்துமாரியம்மன் கோவில் தேருக்கு ஊரில் இருந்தே ஆக வேண்டியவர்கள் மாசி மகத்தைப் பார்த்துத் தேதி குறிப்பார்கள்.

இந்தியாவைத் தாண்டி யோசிப்பவர், விசாக் கட்டணம் இல்லாத நாடுகளிலிருந்து தொடங்குவது சிக்கனம். மாலைதீவு வந்திறங்கியதும் 30 நாள் விசாவை இலவசமாகத் தருகிறது. விலை உயர்ந்த ரிசோட் தீவுகளை விட்டு, உள்ளூர் மக்கள் வாழும் தீவுகளின் விருந்தினர் இல்லங்களில் தங்கினால் நடுத்தரக் குடும்பத்துக்கும் கட்டுப்படியாகும். சார்க் நாட்டவருக்கு நேபாளம், ஆண்டின் முதல் வருகைக்கு 30 நாள் விசாக் கட்டணம் வாங்குவதில்லை. தாய்லாந்து 2024 ஜூலையில் விசா விலக்களித்த 93 நாடுகளில் இலங்கையும் ஒன்று. இத்தகைய சலுகைகள் அரசின் ஓர் அறிவிப்பில் மாறிவிடக் கூடியவை. டிக்கெட் வாங்கும் வாரத்தில் மீண்டும் பார்க்க வேண்டும்.

திரும்பும்போது சுங்கம். சொந்தப் பாவனைக்கான துணிமணிக்குப் பொதுவாகச் சிக்கல் இல்லை. ஒரே மாதிரிச் சேலை இருபது இருந்தால் வியாபாரம் என்று கொள்ளப்பட்டு வரி கேட்கப்படலாம். ஏலமும் மிளகும் கராம்பும் விளையும் மாவட்டத்தவர்களுக்கு நீலகிரியில் பார்த்த நாற்றை ஈரத்துணியில் சுற்றி எடுத்துவரும் ஆசை இயல்பாகவே எழும். தாவரத் தொற்றுக்காப்பு அனுமதியில்லாமல் கன்றோ மண்ணோ கொண்டுவருவது குற்றம், விமான நிலையத்திலேயே பறிமுதல் செய்வார்கள்.