இனாம் கைக்கா, பொத்தானுக்கா?

சென்ற வாரம் ஒரு நாள் மாலை திருவல்லிக்கேணியில் ஒரு ஹோட்டலுக்குள் நுழைந்தேன். நல்ல கூட்டம். எனக்கு எதிரே ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். வெள்ளை வேட்டி, சட்டைப் பையில் மூக்குக் கண்ணாடிக் கூடு. ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர் என்பது பேச்சில் பிறகு தெரிந்தது. அவர் கையை உயர்த்தி, "தம்பி, இன்றைக்கு டிபன் என்ன இருக்கிறது?" என்று கேட்டார்.

தண்ணீர் டம்ளரை வைத்துக்கொண்டிருந்த இளைஞர், மேஜை ஓரத்தில் ஒட்டியிருந்த கறுப்பு வெள்ளைச் சதுரத்தைக் காட்டினார். "போன்லே பாருங்க சார். அதிலேயே ஆர்டர் கொடுக்கலாம்."

பெரியவர் செல்போனை எடுத்துச் சதுரத்தின் மேல் பிடித்தார். இட்லி, வடை, பொங்கல், ரவா தோசை என்று நீளமாக ஒரு பட்டியல் வந்து நின்றது. நெய் ரோஸ்ட் ஒன்று, காபி ஒன்று என்று விரலால் தட்டினார். பணத்தையும் அங்கேயே கட்டிவிட வேண்டுமாம். கட்டப் போகிற சமயத்தில் திரை ஒரு கேள்வி கேட்டது. "ஊழியருக்கு டிப்ஸ் தர விரும்புகிறீர்களா? 20, 30, 50." தோசை மாவு இன்னும் கல்லில் விழவில்லை. பரிமாறப் போகிறவர் யார் என்பதும் தெரியாது. ஆனாலும் 'வேண்டாம்' என்று தட்டப் பெரியவருக்கு மனம் வரவில்லை. இருபதைத் தட்டினார்.

தோசை வந்தது. சட்னி இரண்டு தடவை வந்தது. காபி ஆறியிருக்கிறது என்று சொன்னதும், முகம் சுளிக்காமல் எடுத்துக்கொண்டு போய், ஆவி பறக்க வேறு காபி கொண்டுவந்து வைத்தார் அந்த இளைஞர். பெரியவருக்குப் பரம திருப்தி. எழுந்திருக்கும்போது கேட்டார்: "தம்பி, போனிலே இருபது ரூபாய் போட்டேனே, உனக்கு வந்து சேர்ந்ததா?"

இளைஞர் சிரித்தார். வடக்கேயிருந்து வந்தவர். தமிழ் இப்போதுதான் பழகிக்கொண்டிருக்கிறது. "தெரியாது சார்" என்றார்.

கல்லாவில் விசாரித்தோம். "அதெல்லாம் கணக்கிலே சேர்ந்துவிடும் சார்" என்று பதில் கிடைத்தது. யாருடைய கணக்கில் என்று கேட்பதற்குள் பார்சல் வாங்க வந்த ஒருவர் நடுவே புகுந்துவிட்டார். பெரியவர் தம் பையைத் துழாவினார். சில்லறை இல்லை. இந்தக் காலத்தில் யாரிடம்தான் இருக்கிறது? "அடுத்த தடவை தருகிறேன் தம்பி" என்று சொல்லிவிட்டுச் சங்கடத்துடன் படியிறங்கினார்.

அந்த இருபது ரூபாய் எங்கே போயிற்று? இந்தக் கேள்வி இன்று நம்மில் பலருக்கு வந்திருக்கிறது.

சோம்புத் தட்டுக் காலம்

இனாம் கொடுப்பதற்கு நம் ஊர் ஹோட்டல்களில் எழுதாத சட்டம் ஒன்று இருந்தது. சர்வர் வந்து நின்று, மூச்சு விடாமல் பலகாரங்களின் பெயரை ஒப்பிப்பார். "வாழைப்பூ வடை இப்போதுதான் போட்டது சார்" என்று ஆசை காட்டுவார். தினமும் வருகிறவருக்குச் சர்க்கரை குறைந்த காபி வேண்டும் என்பது சொல்லாமலே அவருக்குத் தெரியும். கடைசியில் பில், சோம்புத் தட்டில் வரும். மீதிச் சில்லறையில் கொஞ்சத்தைத் தட்டிலேயே விட்டுவிட்டு நாம் எழுந்திருப்போம். கொடுப்பவருக்கும் பெருமை இல்லை. வாங்குபவருக்கும் சிறுமை இல்லை.

'டீ குடிக்க வைத்துக்கொள்' என்று சொல்லிக் கொடுப்பது நம் வழக்கம். வேடிக்கை என்னவென்றால், வேறு சில நாடுகளிலும் இப்படித்தான். பிரெஞ்சுக்காரர் இனாமைப் 'பூர்புவார்' என்கிறார்கள். குடிப்பதற்கு என்று பொருள். ஜெர்மானியர் 'டிரிங்க்கெல்ட்' என்கிறார்கள். அதுவும் குடிக்கிற காசுதான். அவர்கள் குடிப்பது வேறு, நாம் குடிப்பது வேறு, அவ்வளவுதான் வித்தியாசம்! 'டிப்ஸ்' என்ற சொல் மூன்று ஆங்கிலச் சொற்களின் முதல் எழுத்துக்களைக் கோத்து உண்டானது என்று ஒரு கதை உலவுகிறது. அகராதி ஆசிரியர்கள் அதை ஒப்புக்கொள்வதில்லை.

சதுரம் ஓரிடம், பொத்தான் ஓரிடம்

மேஜையில் ஒட்டியிருக்கிறதே 'க்யூ.ஆர். கோடு' என்ற அந்தச் சதுரம், அது ஹோட்டலுக்காகப் பிறந்ததே அல்ல. 1994ல் ஜப்பானில் டென்சோ கம்பெனியில், மோட்டார் வாகன உதிரி பாகங்களை அடையாளம் காண்பதற்காக மசாஹிரோ ஹாரா என்பவரும் அவருடைய குழுவினரும் அதை உண்டாக்கினார்கள். நம் நாட்டில் 2016ல் யு.பி.ஐ. வந்தது. டீக்கடை முதல் பூக்கடை வரை செல்போனில் பணம் கொடுக்கப் பழகினோம். 2020ல் கொரோனா வந்தபோது, பலர் கைபட்ட மெனு அட்டையைத் தொடவே ஜனங்கள் பயந்தார்கள். அட்டை போய்ச் சதுரம் வந்தது. நோய் தணிந்த பிறகும் சதுரம் போகவில்லை.

இதில் ஒரு விசித்திரத்தைக் கவனியுங்கள். சதுரத்தைத் தந்த ஜப்பானில் டிப்ஸ் கொடுக்கும் வழக்கமே கிடையாது. மேஜையில் பணத்தை வைத்துவிட்டு வந்தால், மறந்துவிட்டீர்கள் என்று எண்ணிப் பின்னாலேயே ஓடி வந்து திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். திரையில் டிப்ஸ் கேட்கும் பொத்தான் பெருகியிருப்பதோ அமெரிக்காவில். ஜப்பானியரின் சதுரமும் அமெரிக்கரின் பொத்தானும் நம் சாம்பார் வாளிக்குப் பக்கத்தில் வந்து சேர்ந்திருக்கின்றன. குழப்பம் வராமல் என்ன செய்யும்?

அமெரிக்காவில் பிள்ளையையோ பெண்ணையோ பார்த்துவிட்டு வந்தவர்களைக் கேளுங்கள். சாப்பாட்டு பில்லின் மேல் 18, 20, 25 சதவிகிதம் என்று திரை கேட்பதைக் கண்டு மலைத்துப்போன கதையைச் சொல்வார்கள். அதற்குக் காரணம் உண்டு. அந்த நாட்டு மத்தியச் சட்டப்படி குறைந்தபட்சக் கூலி மணிக்கு 7 டாலர் 25 சென்ட். ஆனால் டிப்ஸ் பெறும் ஊழியருக்கு முதலாளி நேரடியாகக் கொடுக்க வேண்டியது 2 டாலர் 13 சென்ட்தான். மீதியை டிப்ஸ் நிரப்ப வேண்டும்; நிரம்பாவிட்டால்தான் முதலாளி ஈடு செய்ய வேண்டும். 1991லிருந்து அந்த 2 டாலர் 13 சென்ட் மாறவே இல்லை. கலிபோர்னியா போன்ற சில மாநிலங்களில் மட்டும் முழுக் கூலியும் முதலாளியே தர வேண்டும். ஆகவே அங்கே பல இடங்களில் டிப்ஸ் என்பது நன்றி அல்ல. சம்பளத்தின் ஒரு பகுதி.

நம் நாட்டில் அந்த ஏற்பாடு இல்லை. டிப்ஸ் வருகிறது என்று காட்டிக் குறைந்தபட்சக் கூலியைக் குறைக்க இங்கே முதலாளிக்கு இடமில்லை. சம்பளம் கொடுப்பது அவர் கடமை. இனாம் கொடுப்பது நம் இஷ்டம். இந்த இரண்டையும் கலந்துவிடக் கூடாது.

வேலை குறைந்ததா?

"நானே ஆர்டர் எழுதினேன், நானே பணம் கட்டினேன். சர்வர் செய்த வேலை என்ன? எதற்கு டிப்ஸ்?" என்று என் நண்பர் ஒருவர் வாதாடுகிறார். நியாயமான கேள்விதான்.

ஆனால் யோசித்துப் பார்த்தால், செல்போன் செய்தது இரண்டே வேலை: குறித்துக்கொண்டது, காசு வாங்கியது. சமையலறைக்கும் மேஜைக்கும் இடையே நூறு தடவை நடந்தது செல்போன் அல்ல. சுடுகிற தட்டை ஏந்தி வந்ததும், குழந்தை கொட்டிய சாம்பாரைத் துடைத்ததும், எச்சில் தட்டை எடுத்ததும் மனிதக் கைகள்தாம். குறைந்தது வேலை அல்ல, பேச்சு. பேச்சு குறைந்ததால் முகம் மறந்தது. முகம் மறந்ததால், பைக்குப் போக வேண்டிய நம் கை பாதி வழியிலேயே நின்றுவிட்டது.

பணம் போகும் பாதை

கையில் கொடுத்த பத்து ரூபாய் கையிலேயே இருக்கிறது. திரையில் தட்டிய பத்து ரூபாய் முதலில் முதலாளியின் கணக்குக்குப் போகிறது. அங்கிருந்து அது இறங்கி வர வேண்டும். இறங்குவதும் இறங்காததும் அந்தந்த ஹோட்டலின் நாணயத்தைப் பொறுத்தது. மாதக் கடைசியில் சமையல்காரர், பாத்திரம் கழுவுகிறவர் உள்பட எல்லோருக்கும் ஒழுங்காகப் பங்கிட்டுக் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். அது மிக நல்ல காரியம். உள்ளே அடுப்படியில் வேகிறவரை வாடிக்கைக்காரர் பார்ப்பதே இல்லை அல்லவா?

இந்தப் பணம் யாருடையது என்பதைப் பற்றி நம் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. ஒரு பெரிய ஹோட்டல் நிறுவனத்தின் வருமான வரி வழக்கில் 2016ல் தீர்ப்பு வந்தது. கார்டு மூலம் வாடிக்கைக்காரர் கொடுக்கும் டிப்ஸ், ஊழியரின் சம்பளம் ஆகாது. ஊழியருக்குச் சேர வேண்டிய அந்தப் பணத்தை முதலாளி ஒரு தர்மகர்த்தாவைப் போலத்தான் வாங்கி வைத்திருக்கிறார் என்பது அதன் சாரம். பிரிட்டனில் இதற்கென்று தனிச் சட்டமே உண்டு. 2024 அக்டோபர் 1 முதல் அங்கே முதலாளிகள் டிப்ஸில் பிடித்தம் செய்யாமல், முழுவதையும் ஊழியர்களுக்கு நியாயமாகப் பங்கிட்டுத் தர வேண்டும்.

கட்டாய தட்சிணை

சில பெரிய ரெஸ்டாரன்ட்டுகளில் கேட்காமலே பில்லில் 'சர்வீஸ் சார்ஜ்' என்று ஒரு வரி உட்கார்ந்திருக்கும். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில், இப்படித் தானாகச் சேர்க்கக் கூடாது, வேறு பெயரிலும் வாங்கக் கூடாது என்று விதிமுறை வெளியிட்டது. ரெஸ்டாரன்ட் சங்கங்கள் வழக்குப் போட்டன. 2025 மார்ச்சில் டில்லி உயர் நீதிமன்றம் விதிமுறை செல்லும் என்று தீர்ப்பளித்தது. சங்கங்கள் மேல்முறையீடும் செய்தன. பில்லில் இந்த வரியைக் கண்டால் நீக்கச் சொல்லலாம். மறுத்தால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணுக்குச் சொல்லலாம். ஜி.எஸ்.டி. வேறு, அது அரசாங்க வரி, கட்டித்தான் ஆக வேண்டும்.

முன்கூட்டியே டிப்ஸ் கேட்பதும் இதன் தம்பிதான். 2025 மே மாதத்தில் டாக்சி செயலி ஒன்று, வண்டி வருவதற்கு முன்பே டிப்ஸ் கேட்டதற்காக அதே ஆணையம் விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்பியது. டிப்ஸ் என்பது சேவை முடிந்த பிறகு மனமுவந்து கொடுப்பது என்று நுகர்வோர் துறை அமைச்சர் பிரலாத் ஜோஷியும் அப்போது சொன்னார். தோசைக்கும் அதே நியாயம்தானே?

அப்படியானால் என்ன செய்யலாம்?

நாமே டோக்கன் வாங்கி, நாமே தட்டை ஏந்தி, நின்றுகொண்டே சாப்பிடும் சுயசேவைக் கடையில் டிப்ஸ் தேவையில்லை. மேஜை துடைக்கிற அம்மாளுக்கு மனம் இருந்தால் பத்து ரூபாய் கொடுக்கலாம். அவரை யாரும் நினைப்பதில்லை.

செல்போனில் ஆர்டர் கொடுத்து, ஒருவர் கொண்டுவந்து பரிமாறினால், முன்பு எவ்வளவு கொடுப்பீர்களோ அவ்வளவே கொடுக்கலாம். சாதாரண டிபன் ஹோட்டலில் பத்து, இருபது ரூபாய். குடும்பத்தோடு போகும் பெரிய இடங்களில் பில்லில் ஐந்து முதல் பத்து சதவிகிதம் கௌரவமான தொகை.

சாப்பிடுவதற்கு முன் திரை கேட்டால் கூசாமல் 'வேண்டாம்' என்று தட்டுங்கள். அது கஞ்சத்தனம் அல்ல. ஏற்கனவே ஒரு தொகை குறியிட்டு வைத்திருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். சாப்பிட்டு முடித்துக் கையில் கொடுங்கள். அதற்காகப் பையில் நாலைந்து பத்து ரூபாய் நோட்டுகள் இருக்கட்டும். திரையில்தான் கொடுக்க வேண்டுமென்றால், அது எப்படிப் பங்கிடப்படுகிறது என்று கல்லாவில் மரியாதையாகக் கேளுங்கள். நாலு பேர் கேட்டால் ஐந்தாவது ஆளுக்குப் பதில் தயாராக இருக்கும். பில்லில் சர்வீஸ் சார்ஜ் கட்டியிருந்தால் அதற்கு மேல் கொடுக்க வேண்டிய அவசியம் இல்லை.

கொடுக்க வசதியில்லாதவர்கள் வருந்த வேண்டாம். ஏறிட்டுப் பார்த்து "நன்றாக இருந்தது தம்பி" என்று ஒரு வார்த்தை சொல்லலாம். எந்தத் திரையிலும் அதற்குப் பொத்தான் கிடையாது.

நேற்று மாலை அதே ஹோட்டலுக்குப் போனேன். பெரியவர் எனக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தார். பாங்கியில் மாற்றிய புதுப் பத்து ரூபாய் நோட்டுகள் சட்டைப் பையில் எட்டிப் பார்த்தன. அவர் செல்போனை எடுப்பதற்குள் அந்த இளைஞர் வந்து நின்றார்.

"நெய் ரோஸ்ட், காபி. காபி நல்ல சூடு. சரியா சார்?"

பெரியவர் செல்போனை மறுபடியும் பைக்குள் வைத்துவிட்டு, "உனக்கு எந்த ஊர் தம்பி?" என்று கேட்க ஆரம்பித்தார்.