கீறலும் பற்பசையும்

நுழையும்முன்

நாள்தோறும் வீட்டில் பயன்படும் பொருள்களிலும் அறிவியல் உண்டு. பல் துலக்கும் பசையால் மகிழுந்தின் கீறலை நீக்க இயலுமா? இயலும் எனில், எத்தகைய கீறலை? எந்த அளவிற்கு? இவ்வினாக்களுக்கு இப்பாடம் விடை கூறுகிறது.

தில்லி போன்ற பெருநகரங்களின் குடியிருப்புகளில் மகிழுந்துகள் நெருக்கமாக நிறுத்தப்பட்டிருக்கும். அவற்றின் இடையே மிதிவண்டியைத் தள்ளிச் செல்கிறான் ஒரு மாணவன். அதன் கைப்பிடி அண்டை வீட்டாரின் கருநிற மகிழுந்தில் உரசிவிடுகிறது எனக் கொள்க. விரல் நீளத்திற்கு ஒரு வெண்கோடு விழுகிறது. பார்த்தவர் எவரும் இல்லை. அச்சம் கொண்ட மாணவன் வீட்டிற்குள் ஓடிப் பாத்திரம் துலக்கும் தூளையும் கம்பி நாரையும் எடுத்து வந்து விரைந்து தேய்க்கிறான். கோடு மறைகிறது, ஆனால், அவ்விடத்தில் உள்ளங்கை அகலத்திற்கு ஒளி மங்கிய திட்டு ஒன்று தோன்றிவிடுகிறது. அவன் நோக்கம் நல்லதே. தேய்க்கும் பொருளின் தன்மையை அவன் அறிந்திருக்கவில்லை.

பூச்சின் அடுக்குகள்

மகிழுந்தின் மேற்பரப்பு ஒரே பூச்சால் ஆனதன்று. இரும்புத் தகட்டின் மேல் முதலில் துருவைத் தடுக்கும் பூச்சு அமைகிறது. அதன்மேல் அடிப்பூச்சும், அதற்கு மேல் நிறப்பூச்சும் இடப்படுகின்றன. அனைத்திற்கும் மேலாக நிறமற்ற மேற்பூச்சு ஒன்று கண்ணாடி போலப் படிந்திருக்கிறது. மகிழுந்தின் பளபளப்பிற்கு இதுவே காரணம். சூரிய ஒளியிலுள்ள புறஊதாக் கதிர்களால் நிறம் வெளிறாமல் காப்பதும் இதுவே.

இந்நான்கு அடுக்குகளும் சேர்ந்து பொதுவாக 100 முதல் 150 மைக்ரான் தடிமனே இருக்கும். ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான் ஆகும். இவற்றுள் நிறமற்ற மேற்பூச்சு ஏறத்தாழ 40 மைக்ரான் அளவினது. தலைமுடி ஒன்றின் தடிமனைவிடக் குறைவானது.

கீறல் தெரிவது எதனால்?

வழவழப்பான பரப்பில் விழும் ஒளி ஒரே சீராகத் திரும்புகிறது. இதனை ஒழுங்கான எதிரொளிப்பு என்பர். கீறலின் விளிம்புகள் கரடுமுரடானவை. அவற்றின் மேல் விழும் ஒளி பல திசைகளிலும் சிதறுகிறது. அதனால்தான் கருநிற மகிழுந்திலும் கீறல் வெண்ணிறமாகத் தெரிகிறது. எனவே, வெண்கோட்டைக் கண்டவுடன் நிறமே போய்விட்டது என்று அஞ்ச வேண்டியதில்லை.

ஆழத்தை அறியும் வழிகள்

கீறலைத் தேய்க்கும் முன் அதன் ஆழத்தை அறிதல் வேண்டும். முதலில் அவ்விடத்தைச் சோப்பு நீரால் கழுவ வேண்டும். சுவரின் சுண்ணாம்போ வேறொரு வண்டியின் வண்ணமோ ஒட்டிக்கொண்டு, கீறல் போலத் தோன்றுவதும் உண்டு. அது பூச்சின் மேல் படிந்த கறையே, எளிதில் நீங்கிவிடும்.

கழுவிய பின்னும் கோடு தெரிந்தால், அதன்மேல் சில துளி நீரை விட வேண்டும். நீர் நிற்கும் வரை கோடு மறைந்து, உலர்ந்ததும் மீண்டும் தோன்றினால், கீறல் மேற்பூச்சோடு நின்றுவிட்டது எனலாம். நீர் பள்ளத்தை நிரப்பி ஒளிச் சிதறலைக் குறைப்பதே அம்மறைவிற்குக் காரணம்.

அடுத்து, விரல் நகத்தைக் கீறலின் குறுக்கே மெல்ல நகர்த்த வேண்டும். நகம் தடையின்றிச் சென்றால் கீறல் மேலோட்டமானது. நகம் சிக்கினாலோ, சாம்பல் நிற அடிப்பூச்சோ தகடோ தெரிந்தாலோ அது ஆழமானது. ஆழமான கீறலை எவ்வளவு தேய்த்தாலும் பயனில்லை. தகடு தெரிந்தால் துருப்பிடிக்கும். அதனைப் பணிமனையில் காட்டிப் பூச்சிடுவதே முறை.

பற்பசை செய்யும் வேலை

பற்பசை கீறலை நிரப்புவதாகப் பலர் எண்ணுகின்றனர். உண்மை வேறு. பற்களின் மேல் படிந்த கறையை நீக்குவதற்காக அதில் கால்சியம் கார்பனேட், நீரேற்றிய சிலிக்கா போன்ற நுண்ணிய உராய்பொருள்கள் சேர்க்கப்படுகின்றன. தேய்க்கும்போது இத்துகள்கள் கீறலின் கூரிய விளிம்புகளையும் சுற்றியுள்ள மேற்பூச்சையும் சிறிதளவு தேய்த்து மழுங்கச் செய்கின்றன. பரப்பு ஓரளவு சீராவதால் ஒளிச் சிதறல் குறைகிறது. கீறல் கண்ணுக்குப் புலப்படுவதில்லை.

ஆகவே, கீறலை நீக்கும் ஒவ்வொரு முறையும் மேற்பூச்சு சிறிது குறைகிறது. குறைந்த பூச்சு தானே வளர்வதில்லை. மிகையாகத் தேய்த்தால், காக்கும் அடுக்கு மெலிந்து, நாளடைவில் நிறம் வெளிறத் தொடங்கும்.

செய்முறை

1. மகிழுந்தை நிழலில் நிறுத்தித் தகடு குளிர்ந்த பின் தொடங்க வேண்டும்.
2. அவ்விடத்தைக் கழுவி, மண்துகள் சிறிதும் இல்லாதவாறு துடைக்க வேண்டும்.
3. குறுமணிகள் கலவாத வெண்ணிறப் பற்பசையைத் துவரம்பருப்பு அளவு எடுத்து, ஈரமான மென்பருத்தித் துணியில் இட வேண்டும்.
4. முதலில் எளிதில் கண்ணில் படாத ஓரிடத்தில் தேய்த்துப் பார்க்க வேண்டும்.
5. பின்னர்க் கீறலின் மேல் அரை நிமிடம் மெல்லத் தேய்த்து, ஈரத்துணியால் துடைத்துப் பார்க்க வேண்டும்.
6. தேவையெனில் மீண்டும் ஒருமுறை தேய்க்கலாம். மூன்று முறைக்கு மேல் கூடாது.
7. இறுதியாகக் கழுவி உலர்த்தி, மகிழுந்திற்குரிய மெழுகை மெல்லிதாகப் பூச வேண்டும்.

கதவுகளின் விளிம்பிலும் தகட்டின் மடிப்புகளிலும் பூச்சு மெலிந்திருக்கும். அங்கே தேய்த்தல் ஆகாது. பளபளப்பற்ற பூச்சுடைய மகிழுந்துகளுக்கும் இம்முறை பொருந்தாது. தேய்த்த இடம் மட்டும் பளபளத்துத் தனித்துத் தெரியும்.

தவிர்க்க வேண்டியவை

கம்பி நார், பாத்திரம் துலக்கும் தூள், சாம்பல், செங்கல் பொடி ஆகியவை பூச்சின் மேல் எண்ணற்ற புதிய கீறல்களை உண்டாக்கும். நகப்பூச்சு நீக்கியில் உள்ள அசிட்டோன் வண்ணப்பூச்சையே இளகச் செய்யும். எண்ணெயைத் தடவினால் நீரைப் போலவே அதுவும் பள்ளத்தை நிரப்பிக் கீறலை மறைக்கும்; கழுவியதும் கீறல் மீண்டும் தெரியும்.

வருமுன் காத்தல்

கனிமங்களின் கடினத்தன்மையை ஒப்பிட 1812ஆம் ஆண்டில் பிரீட்ரிக் மோஸ் என்னும் ஜெர்மானியக் கனிமவியலாளர் 1 முதல் 10 வரையிலான அளவுகோலை வகுத்தார். அதில் சுண்ணாம்புக் கனிமமாகிய கால்சைட்டு 3ஆம் இடத்திலும், மணலில் மிகுந்துள்ள குவார்ட்சு 7ஆம் இடத்திலும் உள்ளன. வட இந்தியக் கோடையில் ‘ஆந்தி’ எனப்படும் புழுதிப்புயல் வீசிய மறுநாள், மகிழுந்தின் மேல் இத்தகைய மணல்துகள்கள் படிந்திருக்கும். அவற்றை உலர்ந்த துணியால் துடைத்தால் துணியே உப்புத்தாள் போலாகிவிடும். வெயிலில் மகிழுந்தின் மேல் சிலந்தி வலை போலத் தெரியும் நுண்கோடுகள் பலவும் இவ்வாறு துடைத்ததால் விழுந்தவையே. முதலில் நீரை ஊற்றிப் புழுதியை அகற்றிய பின்னரே துணியால் தொடுதல் வேண்டும்.

மீண்டும் அம்மாணவனிடம் வருவோம். அவன் முதலில் அண்டை வீட்டாரிடம் சென்று நடந்ததைக் கூறியிருக்க வேண்டும். மகிழுந்து அவருடையது; பற்பசையால் தேய்ப்பதா, பணிமனைக்குக் கொண்டுசெல்வதா என்று முடிவு செய்யும் உரிமையும் அவருடையதே. அவர் சிறிது கடிந்துகொண்டிருக்கலாம். ஆயினும், இருவரும் சேர்ந்து நீர் விட்டுப் பார்த்திருந்தால், அரை நிமிட வேலையில் அக்கோடு மறைந்திருக்கவும் கூடும்.

சொல்லும் பொருளும்

உராய்பொருள் – தேய்த்துப் பரப்பைச் சீராக்கும் பொருள்
மேலோட்டமான – ஆழமில்லாத
மழுங்குதல் – கூர்மை குறைதல்
உப்புத்தாள் – மரம், உலோகம் ஆகியவற்றைத் தேய்க்கப் பயன்படும் சொரசொரப்பான தாள்

விடை தருக

1. கருநிற மகிழுந்திலும் கீறல் வெண்ணிறமாகத் தெரிவது ஏன்?
2. கீறலின் ஆழத்தை அறியும் இரு வழிகளை விளக்குக.
3. எண்ணெய் கீறலை மறைப்பதற்கும் பற்பசை கீறலை நீக்குவதற்கும் உள்ள வேறுபாடு யாது?
4. அம்மாணவன் அண்டை வீட்டாரிடம் கூறுவதாக ஐந்து தொடர்களில் உரையாடல் எழுதுக.