திரை மௌனமாகப் பிழைவிடும்போது எங்கே தேடுவது?

மென்பொருள் படிக்கும், அத்துறையில் வேலைபார்க்கும் எங்கள் பிள்ளைகளுக்கான உரையின் சுருக்கம் இது.

மருத்துவ நிலையம் ஒன்றுக்கு நீங்கள் ஒரு புரோகிராம் எழுதியதாக வைத்துக்கொள்வோம். நோயாளியின் தொலைபேசி எண் திரையில் தெரியவில்லை. அல்லது திருத்திய எண் பதிவாகவில்லை. பிழைச்செய்தி எதுவும் வராது. ஊழியரோ பழைய எண்ணுக்கே அழைத்துக்கொண்டிருப்பார்.

மைக்ரோசொப்ட் 2006 இல் வெளியிட்ட டபிள்யூ.பி.எவ். முறையில், திரையிலுள்ள பெட்டியையும் உள்ளே இருக்கும் தரவையும் பெயரால் இணைக்கிறோம். இதுவே டேற்றா பைன்டிங். இணைப்பு பிழைத்தாலும் புரோகிராம் நிற்காமல் ஓடும். அதனால் ஊகித்து அங்குமிங்கும் மாற்றாமல், ஒழுங்குமுறையாகத் தேட வேண்டும்.

முதலில், புரோகிராமை விசுவல் ஸ்ரூடியோவின் டிபக்கரில் ஓடவிட்டு அவுட்புட் சாளரத்தைப் பாருங்கள். எந்தப் பெயரை, எந்தப் பொருளில் தேடிக் கிடைக்கவில்லை என்று அங்கே எழுதியிருக்கும். பெரிய எழுத்து, சிறிய எழுத்து மாறினாலும் பிழைதான். புரொப்பர்ட்டிக்குப் பதிலாக வெறும் ஃபீல்ட் எழுதியிருந்தாலும் இணையாது.

இரண்டாவது, அங்கே ஒன்றும் இல்லாவிட்டால் எல்லாம் சரி என்று எண்ண வேண்டாம். டேற்றா கொன்ரெக்ஸ்ற் வெறுமையாக இருந்தால் வழமையாகச் செய்தி வராது. அந்த பைன்டிங்கில் ட்ரேஸ் லெவலை 'ஹை' என்று வைத்தால் ஒவ்வொரு படியும் தெரியும்.

மூன்றாவது, முதலில் சரியாகத் தெரிந்த மதிப்பு பின்னர் மாறவில்லையா? தரவு மாறியதைத் திரைக்கு யாரும் அறிவிக்கவில்லை. ஐ நோற்றிஃபை புரொப்பர்ட்டி சேஞ்ச்ட் என்பதைச் சேர்த்து, மதிப்பு மாறும்போது அறிவியுங்கள். பட்டியலில் வரிகள் கூடிக் குறைவதானால் சாதாரண லிஸ்ற் போதாது. ஒப்சேவபிள் கலெக்சன் வேண்டும்.

நான்காவது, எழுதும் பெட்டி வழமையாக அதைவிட்டு வெளியேறும்போதே மதிப்பை உள்ளே அனுப்பும். எண்ணைத் திருத்திவிட்டு, பெட்டியில் நின்றபடியே கொன்ட்ரோல் எஸ் அழுத்தினால் பழைய எண்ணே பதிவாகும். அப்டேற் சோர்ஸ் ட்ரிகரைப் புரொப்பர்ட்டி சேஞ்ச்ட் என்று மாற்றினால் ஒவ்வொரு எழுத்தும் உடனே போய்ச்சேரும்.

பரிசோதிக்கும்போது சுட்டியால் மட்டுமன்றி விசைப்பலகையாலும் பதிந்து பாருங்கள். பின்னர் புரோகிராமை மூடித் திறந்து, பதிந்த எண் அப்படியே இருக்கிறதா என்று பார்த்த பின்பே மற்றவர் கையில் கொடுங்கள்.